தனியாக நடந்த கை

அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு கதை உண்டு. ஒருவன் வாத்தியாருக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தவன். ஒருத்தி கல்யாண வீட்டில் ஒன்பது லட்டு தின்றவள். நாமே மறந்தாலும் சுற்றியிருப்பவர்கள் மறக்கவிடமாட்டார்கள். என் பேரில் இருந்த கதை, நான் ஒரு நட்சத்திர மீனின் கையைப் பிய்த்தவள் என்பது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதை நானும் நம்பினேன். போன மாதம் அது பொய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஒரு பத்தியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து பால்கனிவரை போய்வந்துவிட்டேன்.

அப்போது நாங்கள் கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் ஒரு முதல் மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். முட்டைகூட எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. எனக்கு ஒன்பது வயது, ஒரே பிள்ளை. நடக்க வேண்டிய இடத்தில் ஓடுவேன், உட்கார வேண்டிய இடத்தில் குதிப்பேன். நாங்கள் மாஷிமா என்று கூப்பிட்ட கீழ்வீட்டு வங்காளி அம்மாளின் கூரையிலிருந்து காரை உதிர்ந்தால் அது என்னால்தான்.

அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். எனக்கு அத்தை. இருபத்தேழு வயதாகியும் கல்யாணமாகவில்லை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஊரில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வாய்க்கு வந்ததைப் பேசியபோது, "அவ படிக்கட்டும், முடிச்சதும் நம்ம ஆளுகள்ல நானே மாப்பிள்ளை பாக்கேன்" என்று நின்றவர் அப்பா ஒருவர்தான். அத்தைக்கு அந்த நன்றி நிறைய இருந்தது. பயமும் அதே அளவு இருந்தது.

மழை தொடங்கிய ஒரு காலையில் அத்தை விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். டாக்சியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு பால் கேன். பின்னால் கடல் தண்ணீர் நிறைந்த நாலு பிளாஸ்டிக் ஜாடிகள், ஈரச் சாக்கில் சுற்றிய சிப்பிகள். பால் கேனுக்குள் மூன்று நட்சத்திர மீன்கள். செங்கல் நிறத்தில், ஆளுக்கு ஐந்து கைகளோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இவற்றை வைக்க ஆராய்ச்சிக்கூடத்தில் இவளுக்கு இடம் ஒதுக்க மேலதிகாரிக்கு மனமில்லை.

"ரெண்டே மாசம் மதினி. பின்வராந்தால ஓரமா வச்சுக்கிடுதேன். வாடையே வராது" என்று அம்மாவிடம் கெஞ்சினாள்.

அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க அண்ணன்கிட்ட கேளு" என்றாள். அப்பா, "படிப்புக்குன்னா சரி. சமையல்கட்டுப் பக்கம் வரக் கூடாது" என்றார்.

இரண்டாம் நாளே கீழ்வீட்டு மாஷிமா விஷயம் கேள்விப்பட்டு ஏறிவந்தாள். வராந்தாவில் அத்தை வைத்திருந்த தொட்டிக்குள் சிப்பிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோய், "ரான்னா கோர்பே?" என்று அம்மாவைக் கேட்டாள். சமைக்கப்போகிறாயா என்று. அம்மா பதறிய பதற்றத்தில் கையிலிருந்த கரண்டி விழுந்தது. நானும் அத்தையும் வராந்தாவில் நின்று சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது எனக்கு நினைவிருக்கிற ஒரே தடவை அது.

வராந்தாவில் இருந்தவை எதுவும் இன்று இல்லை. பழைய அலமாரிக் கண்ணாடிகளைத் தார் வைத்து ஒட்டிய தொட்டி. காற்றுக் குமிழ் விடும், உள்ளங்கையளவு மோட்டார். அது நாள் முழுக்க முனகிக்கொண்டே இருக்கும். உப்பு எவ்வளவு என்று பார்க்க மிதக்கவிடும் ஒரு கண்ணாடிக் குழல். கண்ணாடியில் எழுதுகிற மஞ்சள் மெழுகுப் பென்சில். இவற்றுக்கெல்லாம் நடுவில் ஈரச் சாக்கின் நாற்றம். அந்த நாற்றத்தை நான் விரும்பினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

நட்சத்திர மீனுக்குத் தலை கிடையாது. முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஐந்து கைகளில் எது நினைத்தாலும் அது முன்னால் போகும், மற்ற நாலும் பின்தொடரும். கண்ணாடியில் அது ஏறும்போது அடிப்பக்கம் தெரியும். ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் இரு ஓரமும் ஜவ்வரிசிபோல நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கால்கள். உள்ளே தண்ணீரை ஏற்றி நீட்டும், ஒட்டும், இழுக்கும், விடும். ஒன்று ஒட்டும்போது இன்னொன்று விட்டிருக்கும். பசித்திருந்தால் ஒரு சாண் தூரத்தைச் சில நிமிஷங்களில் கடந்துவிடும். பசியில்லாவிட்டால் ஒரு மத்தியானம் முழுக்க அசையாது. கை நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கும். அதுதான் கண், வெளிச்சமும் இருட்டும் மட்டும் அதற்குத் தெரியும் என்றாள் அத்தை. நான் வேண்டுமென்றே என் நிழலைத் தொட்டிமேல் விழவைத்துப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மெதுவாக என் நிழலுக்குள் வந்து ஒதுங்கும்.

அத்தை என் கையில் அந்த மஞ்சள் பென்சிலைக் கொடுத்து, "கால் மணிக்கு ஒருதரம் அது இருக்கிற இடத்துல ஒரு புள்ளி வை. நோட்டுல மணியை எழுது" என்றாள். அவளுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த மாதத்திலிருந்து அவள் அடிக்கடி வெளியே போய்க்கொண்டிருந்தாள். விடுமுறை நாளில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் நான் அந்த வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலில்லை என்றதும் போய்விட்டாள்.

ஒருநாள் அது சாப்பிடுவதைப் பார்த்தேன். மீன் ஒரு சிப்பியின்மேல் கூடாரம்போலக் குனிந்து உட்கார்ந்தது. கால்கள் சிப்பியின் இரண்டு ஓடுகளிலும் ஒட்டிக்கொண்டன. பிறகு இழுத்தது. சிப்பி இறுக மூடியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தூங்குவதுபோல இருக்கும். சாப்பாட்டுக்கு முன் தொடங்கியது, காப்பி நேரம்வரை நடந்தது. கடைசியில் சிப்பிக்குத்தான் அலுத்தது. நகக்கண் அளவு திறந்தது. அந்த இடுக்கு போதும். மீன் தன் வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி, அந்த இடுக்குக்குள் நுழைத்தது. மெல்லிய, பாலாடைபோன்ற ஒரு பை. சிப்பியை அதன் வீட்டுக்குள் வைத்தே செரித்துவிட்டு, வயிற்றை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. ஓட்டின் உட்பக்கம் கழுவிய தட்டுபோல இருந்தது.

ஓடிப்போய் அம்மாவை இழுத்து வந்து காட்டினேன். "வயித்தை வெளிய எடுத்துத் திங்கிற ஜென்மத்தை இப்பதான் பாக்கேன்" என்று சொல்லி முடிக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "உன் தொட்டியாலதான்" என்று அப்பா அத்தையைக் கடிந்துகொண்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நாள் ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. மழை விட்டு நாலைந்து நாளாகி, வீடு முழுக்கப் புழுங்கியது. காலையில் அத்தை கிளம்பும்போது, "மத்தியானமே வந்து தண்ணி மாத்திடுதேன்" என்று சொன்னாள். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் போன கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் நின்றுவிட்டது. மத்தியானம் அத்தை வரவில்லை.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது நாலரை மணி. புத்தகப் பையோடு நேராக வராந்தாவுக்கு ஓடினேன். தண்ணீர் கலங்கி, ஒரு மாதிரி நெடி வீசியது. இரண்டு மீன்கள் மூலையில் தொய்ந்து கிடந்தன. மூன்றாவது மீனுக்கு நாலு கைதான் இருந்தது. ஐந்தாவது கை தொட்டியின் நடுவில் தனியாக நடந்துகொண்டிருந்தது. தலை இல்லை, உடம்பு இல்லை, ஒரு கை மட்டும். அது போய்க்கொண்டே இருந்தது.

நான் கையை விட்டு அதை எடுத்தேன். உள்ளங்கையில் அந்தக் கால்கள் ஒட்டின, விட்டன, மறுபடி ஒட்டின. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அன்று ஏதோ அரைநாள் வேலைநிறுத்தம். அப்பா சீக்கிரம் வந்துவிட்டார்.

"என்னட்டி அது கையில?"

காட்டினேன்.

"நீ பிச்சியா?"

"இல்லப்பா."

"பெறகு எப்படித் தனியா வந்தது?"

ஒரு பிராணியின் கை தானாகக் கழன்று விழும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கையில்லை. அப்பா அடிக்கவில்லை. நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் இல்லை என்றேன். பிறகு தெரியவில்லை என்றேன். விளக்கேற்றுகிற நேரத்தில், எப்படியாவது இது முடியட்டும் என்று, "ஆமா" என்றேன். அம்மா சமையல்கட்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அத்தை ஆறரைக்கு வந்தாள். புதுப் புடவை, தலையில் பூ. கல்கத்தாவில் அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை. அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டே தொட்டியருகில் குந்தி, மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் பிடித்து, அந்த நாலு கை மீனை வெகுநேரம் பார்த்தாள். தண்ணீரில் விரலை வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"போகட்டும் அண்ணே. சின்னப் பிள்ளைதானே. தெரியாம செஞ்சிருப்பா."

அவள் மன்னித்ததும் குற்றம் எனக்கு நிச்சயமாகிவிட்டது.

"வாயில்லாத ஜீவனைப் பிய்க்கிற கை" என்றார் அப்பா. "இந்தத் துறுதுறுப்பு நிக்கணும்னா கட்டுப்பாடு வேணும். ஹாஸ்டல்ல போடுதேன்." யாரும் மறுக்கவில்லை. பூஜை விடுமுறை முடிந்ததும் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் என்னைச் சேர்த்தார்கள்.

அதற்குள் அத்தையும் போய்விட்டிருந்தாள். அந்த ஆகஸ்ட் நாளுக்கு ஒரு மாதம் கழித்து, தன்னோடு வேலை பார்த்த ஒரு வங்காளியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். அவள் பேரை எடுக்கக் கூடாது என்றார். அடுத்த மே மாதம் நான் விடுமுறைக்கு வந்தபோது தொட்டி இருந்த இடத்தில் ஒரு தூளி தொங்கியது. உள்ளே மூன்று மாதத் தம்பி.

விடுதியில் ஏழு வருஷம் இருந்தேன். அங்கே நிறைய நல்ல விஷயங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வார்டன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கையைக் கட்டு" என்பாள். ராத்திரிப் பிரார்த்தனையில் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த வருஷம் என்று சொல்ல முடியாது, ஏதோ ஒரு கட்டத்தில் பிய்த்தது எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சொடக்கு. அது என் விரலில் இருந்தது. நடக்காத ஒன்று விரலில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், இருந்தது. எனக்கு மகள் பிறந்தபோது அவளுக்கு நகம் வெட்ட நான் துணிந்ததே இல்லை. என் வீட்டுக்காரர்தான் வெட்டுவார். சோம்பேறி என்று என்னைக் கேலி செய்வார். காரணத்தை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது ஜாதவ்பூரில் மகளோடு இருக்கிறேன். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அம்மா லேக் கார்டன்ஸில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். அத்தை பாலிகஞ்சில் தனியாக இருக்கிறாள். அவள் கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். அப்பா போனபிறகு நான் மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை பருப்புப்பொடி எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போவேன். அம்மா அவளோடு பேச்சைப் புதுப்பிக்கவே இல்லை. அந்த மீனைப் பற்றி நாங்கள் யாரும் பேசிக்கொண்டதும் இல்லை.

போன மாதம் கண் டாக்டரிடம் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி உட்காரச் சொன்னார்கள். எதிரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நீலமாக ஏதோ கலங்கித் தெரிந்ததே தவிர, படம் புலப்படவில்லை. ஆனால் வங்காளியில் ஒரு பெண் குரல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர் சூடானாலோ, காற்றுக் குறைந்தாலோ நட்சத்திர மீன் தன் கையைத் தானே கழற்றிவிடும். கழன்ற கை கொஞ்ச நேரம் தனியாக நடக்கும். ஒன்றிரண்டு வகைகளில் அந்தக் கையிலிருந்தே முழு மீனும் வளர்ந்துவிடும்.

பக்கத்திலிருந்த அம்மாளிடம், "என்ன சொன்னாங்க? நிஜேயா? தானாகவேயா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன். நர்ஸ் பின்னால் கூப்பிடுவது கேட்டது. வெயில் விரிந்த கண்ணில் ஊசியாகக் குத்தியது. ஆட்டோக்காரனிடம் பாலிகஞ்ச் என்றேன்.

அத்தை கதவைத் திறந்து, "ஏட்டி, போஷோ, போஷோ. என்ன இது, கண்ணுல தண்ணி?" என்றாள். எண்பது வயதில் அவளுடைய திருநெல்வேலித் தமிழில் பாதி வங்காளியாகிவிட்டிருந்தது.

நான் உட்காரவில்லை. "அத்தை, அது தானா கழன்றதா?"

எது என்று அவள் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆமா."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"பாத்ததுமே தெரியும். பிச்சா கிழிஞ்சிருக்கும். அது அடியோட சுத்தமா விட்டிருந்தது. தண்ணி வெந்நீர் மாதிரி இருந்தது."

"பெறகு ஏன் சொல்லலை?"

"எப்படிட்டி சொல்ல? தண்ணி மாத்தாததுனாலதான்னு சொன்னா, நீ எங்க போயிருந்தேன்னு அண்ணன் கேப்பாவ. அன்னைக்கு ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல நோட்டீஸ் கொடுக்கப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் முப்பது நாள் இருந்தது. தெரிஞ்சிருந்தா மறுநாளே ஊருக்கு ரயிலேத்தியிருப்பாவ." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "பிள்ளைதானே, ரெண்டு திட்டு வாங்கி மறந்துடுவான்னு நெனச்சேன். ஹாஸ்டல்னு சத்தியமா நெனைக்கலை. நெனச்சிருந்தா சொல்லியிருப்பேனான்னு கேட்டா, அதுவும் தெரியலை."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால்தான் அவள்மீது முழுக்கக் கோபப்பட முடியவில்லை. போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அத்தையிடம் நீட்டினேன். "அம்மாட்ட சொல்லுங்க. எனக்கு இது ஒண்ணு போதும்."

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அத்தை, "மதினி" என்றாள். அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர், கரண்ட், நோட்டீஸ். "பிள்ளை அதைப் பிய்க்கலை மதினி. என் தப்பு."

பிறகு அம்மா சொன்னாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"நீயும் அங்கதான் இருக்கியா?" அம்மாவின் குரல் இறங்கியது. "மூணு மணிக்குத் துணியெடுக்க வராந்தாக்குப் போனேன்லா. அப்பவே அந்தக் கை தனியா நடந்துக்கிட்டுக் கிடந்தது. பயந்துபோய் ஓடியாந்துட்டேன். நீ ஸ்கூல்லேருந்து வரவேயில்லை அப்ப."

"அப்பாட்ட ஏம்மா சொல்லலை?"

"எனக்கு அப்ப மூணு மாசம். உனக்கும் தம்பிக்கும் நடுவுல ரெண்டு போயிருக்கு, அது உனக்குத் தெரியாது. படுத்தே கிடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். நீ நிமிசத்துக்கு ஒருதரம் ஓடுவே, விழுவே, நான் எந்திரிச்சு வரணும். உன்னை அனுப்பணும்னு என் வாயால எப்படிக் கேப்பேன்? அன்னைக்கு அவுகளாவே ஹாஸ்டல்னாவ. நான் வாயைத் திறக்கலை."

பிறகு அத்தை போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "உங்களுக்கு மூணு மாசம்னு எனக்குத் தெரியாதே மதினி" என்றாள். "உனக்கு ரிஜிஸ்டர்னு எனக்கு மட்டும் தெரியுமா" என்றாள் அம்மா. இரண்டு பேரும் அழுதார்கள். அழுகை மெதுவாகப் பேச்சாக மாறியது. யாருக்கு முட்டி வலி, யாருக்குச் சர்க்கரை என்று போய்க்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனில் எத்தனை ரயிலை விட்டேன் என்று நினைவில்லை. இருட்டுகிற நேரத்தில் லேக் கார்டன்ஸ் போனேன். திட்டுவதற்கா, மடியில் படுப்பதற்கா என்று எனக்கே தெரியாது. அம்மா மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தாள். தம்பிதான் கதவைத் திறந்தான். ஐம்பதைக் கடந்தவன், முன்பக்கம் வழுக்கை. அம்மாவிடம் என்னைவிட அவனுக்குத்தான் பாசம் அதிகம். தட்டில் இரண்டு சப்பாத்தியை வைத்து என் முன்னால் தள்ளினான்.

"அக்கா, கீ ஹொயேச்சே? அம்மா சாயங்காலம் முழுக்க அழுதா. என்னைப் பாத்துப் பாத்து அழுதா. என்ன விஷயம்?"

நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டைவிட்டுப் போனது இவன் பிழைக்க. அவனுக்கு அது தெரியாது. தெரிந்தால் அவனும் என்னைப்போல இருப்புக் கொள்ளாமல் நடக்க ஆரம்பித்துவிடுவான்.

"ஒண்ணுமில்லடா. பழைய சொந்தக்காரி ஒருத்தியோட பேசினா. அதான்" என்றேன்.

அவன் நம்பிவிட்டான். நான் சப்பாத்தியைப் பிட்டுச் சாப்பிட்டேன்.

இதை எழுதி முடித்ததும் மேசைமேல்தான் வைக்கப்போகிறேன். தம்பி ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவான், இந்தக் காகிதங்களைத் தள்ளிவைத்துவிட்டுத் தேநீர்க் கோப்பையை வைப்பான். கல்கத்தாவிலேயே வளர்ந்தவன். வீட்டில் தமிழ் பேசுவான். வாசிக்க அவனுக்குத் தெரியாது.